விர்ட்: நடந்ததா, விதியா?

பழைய ஆங்கில வீரகாவியமான பேயோவுல்ஃபைத் தமிழில் கொண்டுவர முயலும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மூலத்தில் 'விர்ட்' என்ற ஒரே சொல் நிற்கும் இடங்களில் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு பக்கத்தில் 'விதி' என்கிறார்கள், இன்னொரு பக்கத்தில் 'சாவு', வேறொரு பக்கத்தில் வெறுமனே 'நடந்தவை'. இன்றைய ஆங்கிலத்தில் விசித்திரம் என்ற பொருளில் புழங்கும் 'வியர்ட்' இதே சொல்தானா? தமிழில் எல்லா இடத்திலும் 'ஊழ்' என்று போட்டுவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. ஏன் என்பதற்குத்தான் கீழே இவ்வளவு நீளம்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உதட்டை 'உ' சொல்வதற்குக் குவித்துக்கொண்டு உள்ளே 'இ' சொல்லிப் பாருங்கள். அந்த ஒலிதான் நடுவில் வருகிறது. நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. 'விர்ட்' என்றே எழுதுகிறேன். இன்றைய சொல்லை 'வியர்ட்' என்று எழுதினால் இரண்டும் குழம்பாது.

பழைய ஆங்கிலத்தில் 'வெயோர்தன்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. 'ஆதல்' என்று பொருள். ஜெர்மனில் இன்றும் 'வேர்டன்' என்று உயிரோடு இருக்கிறது. ஆங்கிலம்தான் அதைத் தொலைத்துவிட்டது. அந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் விர்ட். ஆகவே அதன் அடிப்பொருள் 'ஆனது', 'நேர்ந்தது'. இதற்குள் தெய்வமும் இல்லை, நெற்றியில் எழுதும் எழுத்தாணியும் இல்லை. இன்னும் பின்னால் போனால் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் 'திரும்புதல், சுழலுதல்' என்று பொருள்படும் வேர் ஒன்றில் போய் முட்டும். லத்தீனின் 'வெர்ட்டெரே', சமஸ்கிருதத்தின் 'வர்ததே' எல்லாம் அந்த வேரின் கிளைகள். சமஸ்கிருதம் வழியாக அந்த வேர் தமிழுக்குள்ளும் வந்திருக்கிறது: நிகழ்காலத்தைக் குறிக்கும் வர்த்தமானம், யாப்பில் வரும் விருத்தம், பிறகு நாம் நாள்தோறும் சொல்லும் வார்த்தை. சமஸ்கிருதத்தில் 'வார்த்தா' என்றால் நடந்ததைப் பற்றிய செய்தி. ஆங்கிலத்தின் 'வேர்ட்' என்ற சொல்லும் நம் வார்த்தையும் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பதைப் பார்த்து அவை உறவுக்காரர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தற்செயல், அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு. வார்த்தைக்கு உண்மையான தாயாதி விர்ட்தான்.

இந்தச் சாதாரணப் பொருளுக்கு, அதாவது 'நடந்த செய்தி' என்ற பொருளுக்கு, பேயோவுல்ஃப் காவியத்திலேயே சாட்சி இருக்கிறது. காவியத்தின் முடிவில், 3030ஆம் வரியில், வீரன் இறந்த செய்தியை ஊராரிடம் கொண்டுவரும் தூதனைப் பற்றிக் கவிஞர் சொல்கிறார்: அவன் 'விர்டா நே வொர்டா', நடந்ததிலும் அதிகம் பொய் சொல்லவில்லை, சொன்ன சொல்லிலும் அதிகம் பொய் சொல்லவில்லை. இங்கே விதி என்று மொழிபெயர்த்தால் தூதன் சோதிடனாகிவிடுவான். வகரத்துக்கு வகரம் மோனையாக நிற்பதைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலக் கவிதைக்கு எதுகை கிடையாது, மோனைதான் முதுகெலும்பு. 'நடந்ததும் சொன்னதும்' என்ற இந்த இணை அந்தக் கவிஞர்களின் கையில் தயாராகக் கிடந்த சரக்கு. ஸ்காட்லாந்தில் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் 'சொல்லுக்குப் பின்னால் வியர்ட் வரும்' என்று ஒரு பழமொழி வழங்கியது. வாய்விட்டுச் சொன்னது நடந்துவிடும் என்பது கருத்து.

வரலாற்றாசிரியருக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த பெயர்களில் ஒன்று 'விர்ட்ரிட்டெரே', அதாவது விர்ட் எழுதுபவர். யூத வரலாற்றை எழுதிய ஜோசபஸை ஆங்கிலத் துறவி ஆல்ஃப்ரிக் இப்படித்தான் குறிப்பிடுகிறார். இது தலையெழுத்தை எழுதுகிறவர் என்ற பொருளில் அல்ல. நடந்ததை எழுதுகிறவர் என்ற பொருளில். இந்த ஒரு கூட்டுச்சொல் போதும், விர்ட் என்றாலே மர்மமான ஏதோ ஒரு பழைய சக்தி என்று பேசுபவர்களை நிதானிக்க வைக்க.

அதற்காக விதி என்ற பொருள் பிற்காலத்தில் ஒட்டியது என்று சொல்ல முடியாது. எழுதப்பட்ட ஆங்கிலத்தின் மிகப் பழைய சான்றுகளான லத்தீன் சொற்பட்டியல்களிலேயே, மனித ஆயுளின் நூலை நூற்று அளந்து வெட்டும் மூன்று ரோமானியத் தெய்வங்களுக்கு நேராக, இந்தச் சொல்லின் பன்மை வடிவத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆக, ஒரு முனையில் 'நடந்த சங்கதி', மறுமுனையில் 'நடத்திவைக்கும் சக்தி'. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நீளத்தில்தான் கவிஞர்கள் நடமாடுகிறார்கள். ஒரே கவிஞர் நூறு வரிக்குள் இரு முனைக்கும் போய்வருவார்.

பேயோவுல்ஃப் காவியத்தில் இந்தச் சொல் ஏறக்குறைய ஒரு டஜன் முறை வருகிறது. மொத்தம் 3182 வரிகள். கையில் இருப்பது சுமார் 1000ஆம் ஆண்டில் படியெடுத்த ஒரே ஒரு கையெழுத்துப் படி. 1731இல் லண்டனில் ஒரு தீவிபத்தில் ஓரம் கருகித் தப்பியது. விர்ட் வரும் இடங்களில் மிகப் பிரபலமானது 455ஆம் வரி. கிரெண்டல் என்ற அரக்கனோடு இரவில் மோதப்போகும் இளைஞன் பேயோவுல்ஃப், மன்னனிடம் சொல்கிறான்: சண்டை என்னைக் கொண்டுபோனால் என் மார்புக் கவசத்தை என் அரசர் ஹிகெலாக்குக்கு அனுப்பிவிடுங்கள், அது அவருடைய தந்தை ஹ்ரெதெல் விட்டுச்சென்ற சொத்து, கதைகளில் வரும் கொல்லன் வேலண்டின் கைவேலை. அதற்கடுத்து, அதே வரியின் பிற்பாதியில், மூச்சு விடாமல், 'கேத் ஆ விர்ட் ஸ்வா ஹியோ ஷெல்.' விர்ட் எப்போதும் போகிறபடியே போகும்.

பல மொழிபெயர்ப்புகள் இந்த வாக்கியத்தைக் கோயில் மணி அடிப்பதுபோல் அடிக்கின்றன. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. உயில் சொல்லி முடித்தவன் தோளைக் குலுக்கிக்கொள்ளும் குரல் அது. கவசம் யாருக்கு என்பதைச் சொல்லியாயிற்று. மீதியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

இந்த வரியில் எல்லாரும் விர்ட்டையே உற்றுப் பார்க்கிறார்கள். கடைசிச் சொல்லான 'ஷெல்' அதைவிடச் சுவையானது. இன்றைய 'ஷல்' அதன் பேரன். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதன் முதல் பொருள் 'கடன்பட்டிருத்தல்'. லூக்காவின் நற்செய்தியில் வேலைக்காரன் ஒருவன், என் எசமானுக்கு நீ எவ்வளவு பாக்கி என்று கேட்கும் இடத்தில் பழைய ஆங்கிலப் பெயர்ப்பு இந்த வினையைத்தான் பயன்படுத்துகிறது. ஜெர்மனின் 'ஷூல்ட்' இன்றும் கடனையும் குற்றத்தையும் சேர்த்தே குறிக்கிறது. ஐஸ்லாந்தின் பழைய பாடலில் ஊற்றங்கரையில் அமர்ந்து மனிதருக்கு வாழ்நாளை வகுக்கும் மூன்று பெண்களின் பெயர்கள் உர்த், வெர்தாந்தி, ஸ்குல்ட். உர்த் நம் விர்ட்டேதான். மூன்றாமவள் பெயர் 'கடன்'.

கொடுக்கவேண்டிய பணமும் செய்யவேண்டிய கடமையும் ஒரே சொல்லில் அடங்குவது தமிழருக்குப் புதிதல்ல. 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்று பொன்முடியார் புறநானூற்றில் பாடும்போது வருவது அந்தச் சொல்தான். இன்றைய ஆங்கிலம் இழந்துவிட்ட ஒன்றைத் தமிழ் இந்த இடத்தில் கையில் வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதை விட்டுவிடக் கூடாது.

572ஆம் வரியில் வேறொரு விர்ட். ப்ரெகா என்பவனோடு கடலில் நீந்தி, இரவெல்லாம் கடல் விலங்குகளோடு போராடிப் பிழைத்த கதையைச் சொல்லிவிட்டு வீரன் ஒரு முத்தாய்ப்பு வைக்கிறான்: சாவு குறிக்கப்படாத வீரனை, அவன் துணிவு குன்றாதபோது, விர்ட் பல சமயம் காப்பாற்றுகிறது. தர்க்கப்படி பார்த்தால் இது குழப்பம். சாவு குறிக்கப்படவில்லை என்றால் காப்பாற்றுவதற்கு என்ன இருக்கிறது? துணிவு வேண்டும் என்றால் விதி எங்கே? ஆனால் களத்தில் நின்றவன் பேச்சில் இது குழப்பமே அல்ல. 'ஊழிற் பெருவலி யாவுள' என்று 380ஆம் குறளில் கேட்ட வள்ளுவர்தான், தளராமல் முயல்பவர் 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்று 620இல் எழுதினார். பழைய ஆங்கிலத்தின் நீதிமொழிப் பாடல் ஒன்றிலும் 'விர்ட் பித் ஸ்வீதோஸ்ட்' என்று வருகிறது: விர்ட்டே எல்லாவற்றிலும் வலியது. இந்த ஒரு வரியைப் பொறுத்தவரை 'ஊழிற் பெருவலி யாவுள' என்று அப்படியே போட்டாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

1056ஆம் வரி இன்னும் சிக்கல். கிரெண்டல் மேலும் பலரைக் கொன்றிருப்பான், ஆனால் அறிவுள்ள கடவுளும் அந்த மனிதனின் மனவுறுதியும் அந்த விர்ட்டைத் தடுத்துவிட்டார்கள் என்கிறார் கவிஞர். தடுக்கக்கூடிய விதி என்ன விதி? இங்கே விர்ட் என்பது 'நடக்கவிருந்த சாவு' அல்லது 'வரவிருந்த கேடு'. காவியத்தின் பிற்பகுதியில், இப்போது கிழ மன்னனாகி நாகத்தோடு மோதக் கிளம்பும் அதே வீரனின் மனம் கனத்திருக்கிறது, 'விர்ட் அளவுகடந்து அருகில்' வந்துவிட்டது என்ற இடத்தில் அது சாவு என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. 'அவனுக்குக் காலம் வந்துவிட்டது' என்று நாம் சொல்வதில் 'காலம்' எப்படிச் சாவாகிறதோ அப்படி.

காவியத்தை விட்டுவிட்டுச் சிறு பாடல்களுக்கு வருகிறேன். எக்ஸெட்டர் நகரத் தேவாலயத்துக்கு ஆயர் லெயோஃப்ரிக் அளித்த தொகுப்பில், தலைவனை இழந்து பனிக்கடலில் துடுப்புப் போட்டு அலையும் ஒருவனின் புலம்பல் இருக்கிறது. அதன் ஐந்தாம் வரி 'விர்ட் பித் ஃபுல் ஆரேட்'. இன்று பச்சை குத்திக்கொள்ளும் அளவுக்குப் புகழ்பெற்ற வரி. 'விர்ட் முற்றாகத் தீர்மானிக்கப்பட்டது' என்பார் சிலர். 'விர்ட் அசைந்து கொடுக்காது' என்பார் சிலர். கடைசிச் சொல்லின் பொருளில்தான் சச்சரவு. நான் இரண்டாவது கட்சி. அந்தப் பாடலில் பேசுபவனுக்கு அண்ட சராசரத்தின் திட்டம் பற்றிக் கவலையில்லை; கை விறைத்துப்போகிறது, கடல் இரங்கவில்லை, அவ்வளவுதான். பத்து வரி தள்ளி, களைத்த மனத்தால் விர்ட்டை எதிர்த்து நிற்க முடியாது என்கிறான். அங்கே அது கிட்டத்தட்ட 'நடப்பு', 'இருக்கும் நிலைமை'.

அதே தொகுப்பில், இடிந்த ரோமானியக் கட்டடங்களைப் பார்த்துப் பாடிய இன்னொரு பாடல், தானும் பாதி சிதைந்து கிடைத்திருக்கிறது. அதன் முதல் வரியில் 'விர்டே' சுவர்க்கற்களை உடைத்துப் போட்டன என்று வருகிறது. எழுவாய் பன்மை. 'விதிகள் உடைத்தன' என்று தமிழில் எழுதிப் பாருங்கள், ஏதோ இலக்கண நூல் வந்து மதிலை இடித்ததுபோல் இருக்கும். மழை, உறைபனி, போர், கொள்ளைநோய் என்று ஒன்றன்மேல் ஒன்றாக நேர்ந்தவை எல்லாம் சேர்ந்து உடைத்தன. 'காலத்தின் அடிகள்' என்பதுதான் நெருங்கி வரும். இத்தாலியின் வெர்செல்லி நகரில் பாதுகாக்கப்படும் கையெழுத்துப் படியில் உள்ள சிலுவைப் பாடலில் இன்னொரு சாயல். இயேசுவைச் சுமந்த சிலுவை மரம் தன் வாயால் பேசுகிறது. தன்னை வெட்டிச் சாய்த்ததைச் சொல்லிவிட்டு, 'அது பயங்கரமான விர்ட்' என்கிறது. கொடுமையான சம்பவம் என்று பொருள். வேறொன்றுமில்லை.

கவிஞர்கள் இப்படி நெகிழ விட்டதை உரைநடைக்காரர்கள் கட்ட முயன்றார்கள். ரோமானியத் தத்துவவாதி பொயீத்தியஸ், 524 வாக்கில் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது எழுதிய நூலை ஆல்ஃபிரட் மன்னரின் பெயரில் வழங்கும் பழைய ஆங்கிலப் பெயர்ப்பு தமதாக்கிக்கொண்டது. அது தரும் விளக்கம் மிக அழகானது: ஒரு காரியம் நடக்குமுன் கடவுளின் மனத்தில் இருக்கும்போது அதன் பெயர் முன்னெண்ணம், நடந்து முடிந்த பிறகு அதற்கு நாம் வைக்கும் பெயர் விர்ட். இதைவிடத் துல்லியமாக இந்தச் சொல்லை யாரும் வரையறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. விதி முன்னால் நிற்பது. விர்ட் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது தெரிவது.

அதோடு அந்தப் பெயர்ப்பு நிற்கவில்லை. பொயீத்தியஸ் ஒரே மையத்தைச் சுற்றிய வட்டங்கள் என்று கணிதக்காரர்போல் சொன்னதை எடுத்து, ஆங்கிலேயர் நாட்டு மாட்டுவண்டிச் சக்கரமாக மாற்றிவிட்டது. அச்சு அசையாமல் நிற்கிறது, அதுதான் கடவுள். சக்கரம் சுற்றுகிறது. நல்லோர் குடத்தில் இருக்கிறார்கள், அச்சுக்கு அருகில், அதிர்ச்சி குறைவு. நடுத்தரத்தார் ஆரக்கால்கள்: ஒரு முனை குடத்தில், மறுமுனை வட்டையில், ஒரு கண் மேலே, ஒரு கண் உலகத்தின் மேல். கெட்டவர்கள் வட்டையில், புழுதியிலும் கல்லிலும் அடிபட்டுக்கொண்டு. ஆனால் வட்டையும் ஆரக்காலைப் பிடித்துத்தான் நிற்கிறது, ஆரக்கால் குடத்தை, குடம் அச்சை. வண்டி ஓடிய ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த உவமைக்கு உரை தேவையில்லை. சுழற்சி என்ற வேரிலிருந்து வந்த சொல்லுக்குச் சக்கரத்தையே உவமையாக்கியது தற்செயல்தான், எழுதியவருக்கு அந்த வேர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் படிக்கும்போது ஒரு சிலிர்ப்பு வருவதைத் தடுக்க முடியவில்லை.

ஆல்ஃபிரட் மன்னருக்கு ஒரு நூற்றாண்டு கழித்து வந்த ஆல்ஃப்ரிக் இந்தச் சமரசத்துக்கெல்லாம் உடன்படவில்லை. ஒவ்வொருவனும் பிறந்த நட்சத்திரப்படிதான் வாழ்கிறான் என்பவர்களை எதிர்த்து அவர் செய்த மறையுரையில், விர்ட் என்பதே ஒரு பொய்யான எண்ணம் என்று அடித்துச் சொல்கிறார். நடந்ததை எழுதுகிறவர் என்ற பொருளில் அதே வேர்ச்சொல்லைத் தயங்காமல் பயன்படுத்தியவரும் இவரே. அவருக்கு அதில் முரண்பாடு தெரிந்திருக்காது. ஒரு பையில் இரண்டு சரக்கு.

இது கிறித்துவத்துக்கு முந்தைய தெய்வத்தின் பெயரா என்பது வேறு தனிச் சண்டை. தேவதைக் கதைகள் தொகுத்த யாக்கோப் கிரிம் 1835இல் வெளியிட்ட ஜெர்மானியத் தொன்மவியல் நூலில் விர்ட் ஒரு பெண் தெய்வம். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இந்த ஆசை நீடித்தது. 1960களில் எரிக் ஸ்டான்லி என்ற ஆய்வாளர் இதை நன்றாகக் கிழித்துத் தொங்கவிட்டார்: இருக்கும் பாடல்கள் எல்லாம் கிறித்துவர்கள் எழுதியவை அல்லது படியெடுத்தவை, அவற்றில் பழைய சமயத்தைத் தேடுகிறவர்கள், தேடிப்போனதையே கண்டுகொண்டு வந்தார்கள். 455ஆம் வரியில் 'ஹியோ', அதாவது 'அவள்', என்று வருவது தெய்வத்துக்குச் சான்றல்ல. பழைய ஆங்கிலத்தில் உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு. விர்ட் பெண்பால், அவ்வளவே.

இனி இன்றைய வியர்ட். தென்னிங்கிலாந்தில் பிரெஞ்சும் லத்தீனும் தந்த புதுச் சொற்கள் விர்ட்டின் இடத்தைப் பிடித்தன. கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைப் பயன்படுத்தும்போதே, அதைத்தான் நாம் விதி என்கிறோம் என்று பிரெஞ்சுவழிச் சொல்லால் உரை சொல்ல வேண்டியிருந்தது. வடக்கே, ஸ்காட்லாந்தில், அது ஆரோக்கியமாக வாழ்ந்தது. தலைவிதியை அனுபவித்துத் தீர்ப்பது என்பதற்கு 'வியர்டைத் திரீ செய்தல்' என்று அங்கே ஒரு மரபுத்தொடரே உண்டு. ஸ்காட்லாந்து வரலாற்றில்தான் மன்னன் மக்பெத்துக்கு மூன்று 'வியர்ட் சகோதரிகள்' தோன்றுகிறார்கள். அதை 1577இல் ஹாலின்ஷெட் தன் வரலாற்றுத் தொகுப்பில் ஆங்கிலத்தில் எழுதியபோது, விதியின் தேவதைகள் என்று சொல்லலாம், அல்லது ஏதோ வனதேவதைகள் என்று விளக்கமும் சேர்த்தார். அங்கிருந்து ஷேக்ஸ்பியர்.

வேடிக்கை என்னவென்றால், 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் மக்பெத் நாடகத்தின் எந்த இடத்திலும் இன்றைய எழுத்துக்கூட்டலில் அந்தச் சொல் இல்லை. 'வேவர்ட்' என்றும் 'வேயர்ட்' என்றும் இருக்கிறது. முன்னது அடங்காப்பிடாரி என்ற பொருளுள்ள வேறு ஆங்கிலச் சொல். அச்சுக்கோத்தவருக்கு விர்ட் புரியாததால் தெரிந்த சொல்லை வைத்தாரா, ஷேக்ஸ்பியரே இரண்டையும் ஒலிக்க விட்டாரா என்பது இன்னும் பேசப்படுகிறது. 1733இல் தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர் ஹாலின்ஷெட்டைப் பார்த்து 'வியர்ட்' என்று திருத்தினார், அது நிலைத்துவிட்டது. சகோதரிகள் மட்டும் தெரியும், சொல் தெரியாது என்ற நிலையில் வாசகர்கள் என்ன செய்வார்கள்? தாடி முளைத்த, காற்றில் கரையும் மூன்று கிழவிகளைப் பார்த்து, வியர்ட் என்றால் அமானுஷ்யம், விபரீதம் என்று எடுத்துக்கொண்டார்கள். கவிஞர் ஷெல்லி 1816இல் வெளிவந்த ஒரு நெடும்பாடலில், இரவு தன் நிசப்தத்தாலேயே எழுப்பும் ஒலிக்கு இந்த அடைமொழியைத் தந்தபோது சொல் முழுதாகப் பெயரடையாகிவிட்டது. 1923இல் சிகாகோவில் தொடங்கிய திகில் கதைப் பத்திரிகை அதையே தலைப்பாக்கிக்கொண்டது. அதன்பின் விசித்திரமான சாப்பாடு, விசித்திரமான சட்டை வரைக்கும் இறங்கிவிட்டது. ஆக, ஆம், இரண்டும் ஒரே சொல்தான். நடுவில் ஒரு நாடகமேடை குறுக்கிட்டது.

இனி உங்கள் மொழிபெயர்ப்பு. 'விதி' என்பதைக் கூடுமானவரை தவிருங்கள். கட்டளை இட்டவன் ஒருவனை அது கூடவே அழைத்துவரும். ஊழ் அதைவிட நல்லது. அதற்குள் முறை என்ற பொருளும், முதிர்தல், மலர்தல் என்ற பொருளும் இருக்கின்றன. 'இணரூழ்த்தும் நாறா மலர்' என்ற குறளில் அது பூவுக்கு வருகிறது. தானாக நேரம் வந்து விரிவது என்ற அந்தச் சாயல் 'ஆதல்' என்ற வேருக்கு உறவானது. ஆனால் ஊழுக்குள் முன்வினைக் கணக்கு இருக்கிறது, விர்ட்டில் அது அறவே இல்லை. வீரனின் பேச்சுகளில் ஊழ் போடுங்கள். தூதன் வரும் இடத்தில் 'நடந்தது' போதும். நாகத்தின் வாசலில் 'காலம்' என்றோ 'முடிவு' என்றோ எழுதுங்கள். ஒரே சொல்லைக் காவியம் முழுக்க ஓட்டுவது விசுவாசமாகத் தோன்றும். மூலக் கவிஞருக்கே அந்த விசுவாசம் இல்லை.

455ஆம் வரியை நான் எழுதினால் 'ஊழ் தன் கடன்படியே என்றும் நடக்கும்' என்பேன். கடன் என்ற சொல்லை அங்கே வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2814ஆம் வரியில், நாகத்தின் நஞ்சேறிச் சாய்ந்த கிழவன் இளைஞன் விக்லாஃபிடம் சொல்வது காவியத்தில் அவனுடைய கடைசிப் பேச்சு. நம் குலத்தில் எஞ்சியவன் நீ ஒருவன்தான்; என் உறவினர் அனைவரையும் விர்ட் வாரிக்கொண்டு போய்விட்டது. அதன்பின் நான்கே சொற்கள்: 'இச் ஹிம் எஃப்டர் ஷெல்.' அதே ஷெல். போதல் என்ற வினைகூட அதில் இல்லை. இளமையில் கவசத்துக்கு உயில் சொன்னபோது விர்ட்டின் கணக்கில் எழுதிய சொல்லை, ஐம்பது ஆண்டுகள் அரசாண்ட பிறகு தன் பெயரில் எழுதிக்கொள்கிறான். 'அவர்கள் பின்னால் நான். கடன்' என்று நான் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. நீங்கள் முயன்று பாருங்கள், ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே சொல் இருக்கட்டும்.